பச்சை ரப்பர் பேண்டு

அன்றைக்கு ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள்: சீன இயக்குநர் டெரன்ஸ், அவனுக்கு உதவியாக ஷர்மினி, தொலைக்காட்சித் தொடர்களில் வந்து ஊருக்கெல்லாம் முகம் தெரிந்துபோன மார்க்கஸ், ஹுய் மின், நூருல் என்று இரண்டு இளம் நடிகைகள், குளிர் தாங்காத மேடம் லிம், பொன்னுரங்கத்துக்குப் பழைய சிநேகிதனான மலாய்க்காரன் கமாருதீன், சமத்துவம் சொல்லிக்கொடுக்கக் கூலிக்கு வந்திருந்த வெள்ளைக்காரி ஃபியோனா, கடைசியில் பொன்னுரங்கம். ஆக ஒன்பது பேர். நாற்காலியும் ஒன்பது, வட்டமாக. சிங்கப்பூரில் வட்டம் போடாமல் இப்போது யாரும் நாடகம் போடுவதில்லை. வட்டத்தில் மேல் கீழ் இல்லையாம், தலைமாடு கால்மாடு இல்லையாம், டெரன்ஸ் முதல் நாளே சொன்னான். ஆனால் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது, அவன் வலது கைப்பக்கம் திரும்பினால் எல்லோரும் வலது பக்கம் திரும்பினார்கள். வட்டமாவது ஒன்றாவது என்று பொன்னுரங்கம் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு சரி. அவர் வாய்விட்டு எதையும் சொல்கிறவர் இல்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை பார்த்துத் தலை நரைத்தவர். கப்பலடிக்குப் போனதும் கூட்டத்தில் யார் யார் என்று முதலில் மனசில் எழுதிக்கொள்ள வேண்டும், சங்கு ஊதும்போது எத்தனை மீதி என்று சொல்ல வேண்டும், நடுவில் நடப்பதெல்லாம் வேர்வையும் வசவும்தான். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. சுவரோரம் நீள மேசையில் மதியச் சாப்பாடு வந்து இறங்கியிருந்தது, அதையும் எண்ணினார். பொட்டலம் ஒன்பது. சிவப்பு ரப்பர் பேண்டு போட்டது ஏழு, அதில் கோழிச் சோறு. பச்சை ரப்பர் பேண்டு போட்டது இரண்டு, அதில் முட்டைக்கோசைக் கிழித்துப் போட்ட மீஹூன் என்கிற அரிசிச் சேமியா. பச்சை இரண்டும் இந்தியர்களுக்கு, அவருக்கும் ஷர்மினிக்கும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்து அப்படித்தான். நீ கறி தின்பாயா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் இவன் வயிற்றில் காய்கறிதான் போகும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரு வார்த்தை. மூன்று வாரம் கழித்துச் சொன்னால் அது பிரகடனம் மாதிரி ஆகிவிடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், வட்டம் போட்டு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். அதற்குப் பயந்து அவர் முட்டைக்கோசைத் தின்றார். அந்தப் பெண் ஷர்மினி நிஜமாகவே சைவம் போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் தின்கிறது. அப்பா பெயர் சண்முகநாதன், பேச்சில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. அங்கிள், அங்கிள் என்று தண்ணீர் போத்தலை நீட்டும்போது மட்டும் முகத்தில் ஏதோ ஒரு மரியாதை வந்து உட்காரும். அதையும் அவருக்குப் பிடிக்காது.

ஃபியோனா கைகளைக் கோத்துக்கொண்டு, இந்த அறையில் பயமே வேண்டாம், வேற்று இனத்தவருக்கு நாம் செய்த ஒரு தவறான காரியத்தை ஒவ்வொருவராக மனம் திறந்து சொல்வோம் என்றாள். சொன்னது ஆங்கிலத்தில், அந்த அறையில் எல்லாமே ஆங்கிலத்தில். மனசைத் திறக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் பொன்னுரங்கத்துக்குத் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொட்டுப் பார்த்தார், எல்லாம் போட்டுத்தான் இருந்தது. மார்க்கஸ் முந்திக்கொண்டான். சின்ன வயதில் சாப்பிட அடம் பிடித்தால் கறுப்பன் வந்து பிடித்துக்கொண்டு போவான் என்று அம்மா பயமுறுத்துவாளாம், இவன் கட்டடத்தின் கீழே குப்பை கூட்டுகிற தமிழரைப் பார்த்து வீட்டுக்குள் ஓடுவானாம், அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லையாம். சொல்லிவிட்டு அழுதான். ஒரு கண்தான் நனைந்தது, கேமரா இருந்திருந்தால் எந்தப் பக்கம் இருந்திருக்குமோ அந்தப் பக்கத்துக் கண். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். குப்பை கூட்டிய அந்த ஆளுக்குப் பதிலாக இவர் எழுந்து போய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. பொன்னுரங்கம் தன் செருப்பைப் பார்த்தார். இடது செருப்பின் வார் தையல் விட்டிருந்தது. ஹுய் மின் ஏதோ சொன்னாள், நூருல் ஏதோ சொன்னாள், எல்லாம் சின்னச் சின்னப் பாவங்கள், கழுவித் துடைத்து எடுத்து வந்தவை. மேடம் லிம் தனக்கு எதுவும் நினைவில்லை, குளிர்கிறது என்றாள். அந்த அறையில் உண்மை பேசியது அவள் ஒருத்திதான். கமாருதீன், "என் முதல் பெண்டாட்டி சீனத்தி. அவளுக்கு நான் செய்ததைச் சொன்னால் உங்கள் மதியச் சாப்பாடு ஆறிவிடும்" என்றான். சிரிப்பு. அவர் முறை வந்தது. "பாஸ்" என்றார், சீட்டாட்டத்தில் சொல்வதுபோல. ஃபியோனா, அதுவும் ஒரு பதில்தான் என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவர்மேல் இரக்கத்தைக் கொட்டினாள். அவள் கேட்டதும் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்துதான் இருந்தது. பிளாஸ்டர். கண்ணோரத்தில் ஒட்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் இழுத்து விட்டால் கண் கோடாகிவிடும், அப்படி ஒட்டிக்கொண்டு அவர் சீனத் தவுக்கேயாக, அதாவது கடை முதலாளியாக, மேடையில் வருவார், குழறிக் குழறிப் பேசுவார், தமிழ்ச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிய்க்கும்போது மயிரோடு வரும், எரியும். வெட்கப்பட்டாரா என்றால், இல்லை. அவர் பெயர் போட்ட ஒரே வேஷம் அது, கைதட்டல் வந்த ஒரே வேஷம். இதைச் சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தார். கோழிக்கால் மாதிரி பிய்த்துச் சப்பித் தின்பார்கள், நன்றி அங்கிள், எவ்வளவு தைரியம் அங்கிள் என்று விரலைச் சூப்புவார்கள். கொடுக்க மாட்டேன். அது என் எரிச்சல், என் நெற்றிப்பொட்டு, அது என்னோடு இருக்கட்டும்.

நெற்றிப்பொட்டில் விரலை வைத்தார், ஏசிக் காற்று பட்டு ஜில்லென்றிருந்தது, மேக்கப் சிங்காரத்தின் விரல் அப்படித்தான் ஜில்லென்றிருக்கும். சிராங்கூன் பக்கத்துத் தமிழ் நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவன்தான் அரிதாரம் பூசுவான். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அதில் கொஞ்சம் சிவப்பு விட்டால் ரோஸ் நிறம் வரும். ராஜாவுக்கு ரோஸ், மந்திரிக்கு ரோஸ், சாமிக்கு நீலம், அதற்கும் கன்னத்தில் ரோஸ். பொன்னுரங்கம் போய் எதிரில் உட்கார்ந்தால் டப்பாவை மூடிவிடுவான். "உனக்கு எதுக்குப்பா டப்பா? ஆண்டவன் அங்கேயே பூசி அனுப்பிட்டான்." அறையெல்லாம் சிரிக்கும். எமன், காவலாளி, குடிகாரன், எமன், ராட்சசனின் தம்பி, மறுபடி எமன். அந்த ஆண்டவன் பூசியதும் போதாமல் எமனுக்கென்று மேலே ஒரு கை விளக்குக்கரி வேறு, கறுப்புக்கு மேல் கறுப்பு, பின்வரிசைக்குத் தெரிய வேண்டாமா? இப்போது இந்தக் குளிர்ப்பெட்டிக்குள் உட்கார்ந்து சீனனும் வெள்ளைக்காரியும் நிறத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள், பெரிய கண்டுபிடிப்பு! சிங்காரத்தைக் கூப்பிட்டிருந்தால் ஒரு டப்பாவை மூடிக் காட்டியிருப்பான், பாடம் முடிந்திருக்கும். ராஜா வேஷம் எப்போதும் கோபாலரத்தினத்துக்கு. சிவந்த உடம்பு, சந்தன வாசனை, மண்டைக்குள் மட்டும் ஒன்றும் நிற்காது. மூன்று வரி சேர்ந்தாற்போல் வராது அவனுக்கு. ராஜாவின் வசனம் முழுவதும் யாருக்கு மனப்பாடம்? எமனுக்கு. சிம்மாசனத்தின் முதுகுப் பலகையில் மயிலுக்குக் கீழே ஓர் ஓட்டை போட்டுவிட்டார்கள், பொன்னுரங்கம் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஓட்டையில் வாயை வைத்து வரி வரியாக விட வேண்டும், முன்னால் கோபாலரத்தினம் அதை வாங்கிக் கையை வீசி முழங்குவான். அவன் முதுகு மயில் செதுக்கலின் இடுக்கு வழியே அவர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் ரோஸ் இல்லாமல் இருக்கும், முதுகுக்கு யார் பூசுவார்கள். ஒரு நாள் அழ வேண்டிய கட்டம், பின்னால் இருந்தவருக்கு அழுகை வந்துவிட்டது, முன்னால் அவன் அழவில்லை. சனம் ராஜாவின் அழுகை என்று நினைத்துக் கைதட்டியது. காலை மரத்துப்போக விட்டுக்கொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தபடி.

"ரெடியா? தந்தை சுற்று ஆரம்பிக்கலாமா?" என்று டெரன்ஸ் கைதட்டினான், பொன்னுரங்கம் சட்டென்று நாற்காலிகளை எண்ணினார். இதற்காகத்தான் அன்றைக்கு அவர் முதல் ஆளாக வந்திருந்தார். டெரன்ஸ் எழுதிய நாடகத்தில் கடல் நடுவே பாறைமேல் ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காக்கிற கிழத் தந்தை, இனி விளக்கு தானாக எரியும் நீ வேண்டாம் என்று சொல்லி அவரைக் கூட்டிப்போக வருகிற இரண்டு மகள்கள். தந்தைக்கு இனம் கிடையாது, பெயரும் கிடையாது, ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அதனால் வாசிக்கும்போது டெரன்ஸின் வலது பக்கத்திலிருந்து காட்சிக்கு ஒருவராகத் தந்தை நகர்ந்துகொண்டே வர வேண்டும். எல்லாப் பாத்திரமும் இப்படி நகரும், ஒன்றைத் தவிர. படகில் மளிகைச் சாமான் கொண்டுவருகிற சாமி. இரண்டு காட்சியில் வருவான், வரும்போதெல்லாம் ஐயோ என்பான். "அதை மட்டும் அங்கிளே படிக்கட்டும், நேரம் மிச்சம்" என்று ஏற்பாடு. எல்லோரும் எல்லாமும் ஆகலாம், சாமி மட்டும் பொன்னுரங்கம். சமத்துவத்தின் அடியில் இப்படி ஒரு சின்னத் துளை இருப்பது ஃபியோனாவின் கண்ணில்கூடப் படவில்லை, அவள் அதற்கா சம்பளம் வாங்குகிறாள்? நான்காம் காட்சியில்தான் தந்தையின் பெரிய பேச்சு. மூன்று வாரமாக நான்காம் காட்சி அவர் நாற்காலிக்கு வந்து சேரவில்லை. மூன்றாவது வரும், ஐந்தாவது வரும், இல்லையென்றால் பசி வந்துவிடும். இன்றோடு சுற்று முடிகிறது, சாப்பிட்டதும் தந்தை யாரென்று டெரன்ஸ் சொல்லிவிடுவான். அந்தப் பேச்சை அவர் துண்டு துண்டாகக் காதில் வாங்கி, ரயிலில், மின்தூக்கியில், துணி காயப்போடும்போது, உதட்டை அசைத்து அசைத்து ஏற்றி வைத்திருந்தார். நாலாம் வகுப்புத் தமிழ்ப் பள்ளியோடு நின்றவர், ஆங்கிலம் கப்பலடியில் பொறுக்கியது, குறைவு, சேதம், நிறுத்து, இறக்கு, அவ்வளவுதான். ஆனால் இந்தப் பேச்சில் ஓர் எழுத்து வழுக்காது. அதற்காக நாலாவது நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தார்: ஹுய் மின், மார்க்கஸ், மேடம் லிம், அவர். எண்ணி முடிக்கவில்லை, மேடம் லிம் காற்று நேராக மண்டையில் அடிக்கிறது என்று எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவர் மூன்றாவது ஆகிவிட்டார். நாலாவது இப்போது கமாருதீன். "எழுந்திரு, இடம் மாறு" என்றார் மெதுவாக. துறைமுகக் குடியிருப்பில் தமிழர்களோடு கோலி விளையாடி வளர்ந்தவன் அவன், அவரோடு தமிழில்தான் பேசுவான். "ஏண்டா பொன்னு, உன் நாற்காலியில மூட்டைப்பூச்சியா?" "எழுந்திருடா." "என்ன தருவே?" "ஒரு மண்ணும் தர மாட்டேன், எழுந்திரு." "ஓ! நாலாவது!" என்று கண்ணைச் சிமிட்டினான், அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டு பல்லைக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. "ராஜா ஆகப் பாக்குறே. ஆகு ஆகு" என்று சொல்லிக்கொண்டே மாறி உட்கார்ந்தான்.

ஹுய் மின் தந்தையைக் கிசுகிசுத்தாள், மார்க்கஸ் தந்தையைத் தன் தாடையால் நடித்தான், கமாருதீன் சிரிப்புக் காட்டினான், நடுவில் இரண்டு முறை பொன்னுரங்கம் சாமியாகி ஐயோ என்றார். பிறகு நான்காம் காட்சி. காகிதத்தைக் கீழே வைத்தார். எழுந்திருக்கலாமா என்று யாரையும் கேட்காமல் எழுந்தார், முழங்கால் சத்தம் போட்டது, அதை அறையே கேட்டிருக்கும். எதிரில் மகள்களாக ஷர்மினியும் நூருலும். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள், சரி. விளக்குக்கு இனி ஆள் வேண்டாம், சரி. பத்திரமாகக் கடந்து போன கப்பலுக்கு இங்கே ஒருவன் இருந்தது தெரியாது, மோதின கப்பலுக்குத்தான் தெரியும். என்னை ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்று அர்த்தம். இப்போது சொல்லுங்கள், ஒழுங்காகச் செய்தவனை எதற்கு இறக்குகிறீர்கள்? ஆங்கிலச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாரந்தூக்கிச் சங்கிலியில் மூட்டை வருவதுபோல் வந்தன, கிழியாமல், சிந்தாமல். சொல்லச் சொல்ல அவருக்கு வேறு ஏதோ ஒன்று தெரிந்தது, பலகை இல்லை, மயில் இல்லை, கண்ணுக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை, முகங்கள் மட்டும். முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை வயதில் இது கிடைக்கிறது பார், எழுபது தாண்டி, முழங்கால் போன பிறகு. கடைசி வரி முடிந்தது. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. மேடம் லிம் கைப்பையைத் திறந்து காகிதக் கைக்குட்டை எடுத்தாள், குளிருக்கா கண்ணுக்கா என்று அவர் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. கமாருதீன்கூடப் பல்லைக் காட்டவில்லை. இப்படி ஒரு நிசப்தம் கைதட்டலைவிட விலை கூடியது என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும். கிடைத்துவிட்டது என்று நினைத்தார். நினைத்த அந்த இடத்தில் டெரன்ஸ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "அங்கிள்! அங்கிள்! அப்படியே இன்னொரு தடவை. ஆனால் தமிழில்!" என்றான்.

தமிழிலா? ஆமாம் தமிழில், உங்கள் மொழியில், உங்கள் ரத்தத்தில் இருப்பதைக் கொடுங்கள். பார்க்கிறவர்களுக்குப் புரியுமா என்று கேட்டார், இரண்டே வார்த்தையில். "புரியவே வேண்டாம். அதுதான் அழகு. அர்த்தம் வேண்டாம், ஓசை போதும்." ஃபியோனா ஆஹா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பொன்னுரங்கம் நின்றுகொண்டே இருந்தார். இதுவரை ஐயோ என்றால் போதும் என்றவர்கள், இப்போது கொஞ்சம் நீளமான ஐயோ கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் புத்தி கெட்ட மனசு, ஒருவேளை இதற்குப் பிறகு கொடுத்துவிடுவானோ என்று வாலை ஆட்டியது, அந்த மனசை அவர் அறைந்திருப்பார், கை எட்டவில்லை. தமிழில் சொன்னார். ஒழுங்காகத்தான் சொன்னார், வரிக்கு வரி. மோதின கப்பலுக்குத்தான் தெரியும் என்னும் இடத்தில் குரல் தழுதழுத்தது. டெரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், புரியாத பாஷையில் பாட்டுக் கேட்பவன் மாதிரி. "இன்னொரு தடவை. இன்னும் ஆழத்திலிருந்து." அப்போதுதான் பொன்னுரங்கத்தின் கண் சுவரோர மேசைக்குப் போனது. அதே நிலை, அதே கை, அதே தழுதழுப்பு, வாயில் மட்டும் வேறு வந்தது. "பொட்டலம் ஒன்பது! சிவப்பு ஏழு, பச்சை இரண்டு! ஏழுக்குள்ளே கோழி இருக்கிறது. இரண்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கட்டியவனுக்கே தெரியாது. யாரைக் கேட்டீர்கள்? யார் கேட்டீர்கள்? மூன்று வாரம்! என் முகத்தைப் பார்த்து என் வயிற்றை முடிவு செய்துவிட்டீர்களே!" கமாருதீன் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் தேடினான், அவன் தோள் குலுங்கியது. டெரன்ஸ் கண்ணைத் திறந்தபோது அது நிஜமாகவே நனைந்திருந்தது, இரண்டு கண்ணும். "இது. இதுதான்! ஷர்மினி, அங்கிள் கடைசியில் என்ன சொன்னார்?" இந்தப் பெண்ணுக்கு எங்கே புரிந்திருக்கப் போகிறது, தெரியாது என்று சொல்லும், தப்பித்தோம். ஷர்மினி தன் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு பந்தி நடக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று இவரை மட்டும் யாரும் கேட்கவில்லை என்கிறார்." ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் பொருள் தவறவில்லை. பொன்னுரங்கம் அவளைப் பார்த்தார், அவள் நிமிரவில்லை. "பந்தி! வசனத்தில் இல்லை, ஆனால் எப்பேர்ப்பட்ட உவமை!" என்று டெரன்ஸ் எழுந்துவிட்டான். வாழ்க்கையில் இவ்வளவு முட்டாள் ஒருவனைத் துறைமுகத்தில் பார்த்ததில்லை, அங்கே இருந்திருந்தால் முதல் நாளே கொக்கியில் மாட்டியிருப்பான்.

சாப்பாடு பிரிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன் என்று டெரன்ஸ் நடு வட்டத்துக்கு வந்தான். தந்தையாக மார்க்கஸ். தலையில் நரை பூசிக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கு அங்கிள் நமக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார், தந்தைக்கு ஓர் உள்குரல் இருக்கப் போகிறது. மார்க்கஸ் முன்னால் வெளிச்சத்தில் ஆங்கிலத்தில் பேசுவான், அவன் முதுகுக்குப் பின்னால் இருட்டில் நின்று அங்கிள் தமிழில் அழுவார். மனசாட்சி மாதிரி. மொழிபெயர்ப்பு எதுவும் திரையில் போட வேண்டாம். அதோடு சாமியும் இருக்கிறான். "இரண்டு பாத்திரம் அங்கிள்! மற்ற எல்லோருக்கும் ஒன்றுதான்." கைதட்டினார்கள். மார்க்கஸ் வந்து தோளில் கை போட்டான், அவனிடமிருந்து ஏதோ வாசனைத் திரவியம் அடித்தது, சந்தனம் இல்லை, இருந்தாலும் பொன்னுரங்கத்தின் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதுகுக்குப் பின்னால் என்றானே. பலகை இருக்குமா? ஓட்டை போடுவார்களா? கோபாலரத்தினத்துக்கு வசனமாவது வராது, அதற்காக ஒரு ஆளை ஒளித்து வைத்தார்கள், இவனுக்கு எல்லாம் வரும், அழுகைதான் ஒரு கண்ணோடு நின்றுவிடுகிறது, மிச்சக் கண்ணுக்கு நான் ஆள். அவர்கள் ஒளித்துச் செய்தார்கள், இவர்கள் சமத்துவம் என்று பெயர் வைத்துச் செய்கிறார்கள். இதில் எது மேல் என்று கேட்டால் சிங்காரமே மேல். தலை தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்ததை அவர் கவனித்தார். வாழ்நாளெல்லாம் ஆடிய தலை. சரி தவுக்கே, சரி ஐயா, சரி தம்பி. மேலும் கீழும் ஒரு தரம் ஆடிவிட்டது, இரண்டாவது தரம் கீழே போகும்போது பிடித்து நிறுத்தினார், கழுத்து வலித்தது. "நோ" என்றார். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "தந்தை என்றால் நான் செய்கிறேன். பின்னால் நிற்க மாட்டேன்." அறை குளிர்ந்தது, இல்லை, முன்பே குளிர்ந்துதான் இருந்தது. டெரன்ஸ் பொறுமையாகச் சிரித்தான். "அங்கிள், இது கூட்டு முயற்சி. எல்லோரும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம்." "மார்க்கஸ் என்ன விட்டுக்கொடுக்கிறார்?" அவமதிக்கக் கேட்கவில்லை, கணக்குத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார். ஃபியோனாவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. மார்க்கஸ் கையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டான். "உட்காருடா பொன்னு, கோழி ஆறுது" என்றான் கமாருதீன், பாதிக் கேலியாக, பாதிக் கெஞ்சலாக. கோழி உனக்கு ஆறும், எனக்கு என்ன ஆறப்போகிறது என்று நினைத்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

கதவு வரைக்கும் தையல் விட்ட செருப்பு தட்டுத் தட்டென்று அடித்தது, கம்பீரமாக வெளியேறுவதற்கு ஏற்ற செருப்பு இல்லை. பின்னால் ரப்பர் பேண்டுகள் அவிழ்கிற சத்தம் கேட்டது. பத்தே நொடியில் பசி வந்துவிட்டது அவர்களுக்கு. ஆள் கிடைப்பானா? கிடைப்பான், இந்த ஊரில் இருட்டில் நிற்கத் தமிழனுக்கா பஞ்சம். நாளைக்கே ஒருவன் வந்து அழுவான், என்னைவிட நன்றாகவே அழுவான், அவனுக்கும் பச்சை ரப்பர் பேண்டு வரும். முட்டாள்தனம் செய்துவிட்டேனா? இரண்டு மாதச் சம்பளம், சுவரொட்டியில் பெயர், எல்லாம் போனது. எழுபது தாண்டிக் கிடைத்த ஒரே நான்காம் காட்சியும் இந்த அறைக்குள் ஏழெட்டுப் பேர் பார்த்ததோடு முடிந்தது. ஆனாலும் பார்த்தார்கள். முன்னால் யாரும் இல்லாமல் பார்த்தார்கள். அதைத் திருப்பி வாங்க முடியாது. நடைபாதையில் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தி நின்றபோது கண்ணாடிக் கதவு திறந்தது. ஷர்மினி, கையில் பச்சை ரப்பர் பேண்டு போட்ட பொட்டலம். "அங்கிள்," என்றாள், பிறகு தமிழில், படி இறங்குகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் காலை வைத்துப் பார்த்து, "உங்க சாப்பாடு." "வேணாம்மா. நான் ஆட்டுக்கறி திங்கிறவன்." அவள் தலையை ஆட்டினாள். "தெரியும் அங்கிள். இப்பதான் சொன்னீங்களே." பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானும் கோழி சாப்பிடுவேன். ஃபர்ஸ்ட் டே என்னையும் யாரும் கேக்கல. அப்புறம் சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு." மின்தூக்கி வந்தது, திறந்தது, அவர் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. மூன்று வாரமாக எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சைவம் என்று நினைத்துக்கொண்டு முட்டைக்கோசை மென்றிருக்கிறோம், அதோடு நான் அவளை மனசுக்குள் ஏசியும் இருக்கிறேன். எந்த வட்டத்தில் உட்கார்ந்தாலும் இது வெளியே வந்திருக்காது. "நல்லாத் தமிழ் பேசறியே" என்றார் கடைசியில். "கொஞ்சம்தான் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கண்ணாடிக்கு அப்பால் மேசை தெரிந்தது. ஏழு பேர் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள், கமாருதீன் எலும்பைக் கடித்தபடி கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். ஷர்மினி கொண்டுபோன பொட்டலத்தைத் தன்னுடையதன் பக்கத்தில் வைத்தாள். உட்கார்ந்தாள். டெரன்ஸ் ஏதோ கேட்டு, பிரிக்காமல் இருந்த அவள் பொட்டலத்தைக் காட்டினான். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை, நிமிர்ந்து அவனுக்கு ஏதோ சொல்லத் தொடங்கினாள். கண்ணாடி தடிமன், கேட்கவில்லை. மின்தூக்கி மறுபடி வந்தது. பொன்னுரங்கம் ஏறுவதற்கு முன் பழக்கதோஷத்தில் மேசையை இன்னொரு தரம் எண்ணினார். வந்தது ஒன்பது. பிரித்தது ஏழு. மீதி இரண்டு.